ஊர்த் திருவிழாவில் டிஜே கூடாதாம்: கெடுத்தது பாட்டா, கடையா?

வீரசோழன் (குத்தாலம் பக்கம்)

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் சித்திரைத் தீமிதிக்காக விழாக்குழு கூடியது. இந்த வருஷம் டிஜே இல்லை, ஆடல் பாடல் இல்லை. நாதஸ்வரம், தவில், கரகம், ராத்திரிக்கு நாடகம், அவ்வளவுதான் என்று முடிவு செய்துவிட்டார்கள். அப்படியானால் தலைக்கட்டு வரி தர மாட்டோம் என்று இளவட்டங்கள் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. போன வருஷம் கரகத்துக்கு முன்னால் ஆடியவர்களில் பலருக்கு நிதானம் இல்லை. குழி ஓரத்தில் ஆடிக்கொண்டே பின்னால் சாய்ந்த ஒருவரைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். இல்லையென்றால் நெருப்பில்தான் விழுந்திருப்பார்.

நான் குழுவின் பக்கம். கொண்டாட்டம் என்றாலே மது பாட்டில்தான் என்று என் தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தது சினிமாப் பாட்டு. 2003 நவம்பரில் டாஸ்மாக் சில்லறைக் கடைகளைத் திறந்தது. 2004இல் நாள் முழுக்கப் பாட்டுப் போடும் சன் மியூசிக் வந்தது. 2006இல் இலவச கலர் டிவி. மூன்று வருஷத்துக்குள் மூன்றும் வந்து சேர்ந்தன. அதற்கு முன்னால் படத்தில் ஒருவன் குடித்தால் அவன் வில்லன், இல்லையென்றால் காதலில் தோற்றவன். 1953இல் வந்த தேவதாஸ் காலத்திலிருந்தே குடித்தவனுக்கு உடம்பு கெடும், கடைசியில் சாவான். எங்கள் காலத்துப் பாட்டில் கதாநாயகன் பாருக்குள் நுழைகிறான், நண்பர்கள் மேசைமேல் ஏறி ஆடுகிறார்கள், முட்டை பொரிக்கிற பையனும் கரண்டியோடு ஆடுகிறான். யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்கே "ட்ரீட் எப்போ?" என்று கேட்கும் பழக்கம் வேறு எங்கிருந்து வந்தது?

காரைக்கால்காரன்

சார், சன் மியூசிக் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே உங்கள் பக்கத்து ஆட்கள் எங்கள் ஊருக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது 1948இல். காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது, 1954 நவம்பர் 1 வரைக்கும். அதற்கப்புறம் புதுச்சேரியோடு போனது. தஞ்சாவூர் ஜில்லா காய்ந்து கிடந்த காலத்தில் பொறையாறு பக்கமிருந்தும் நாகூர் பக்கமிருந்தும் ஆள் வந்தது. எந்த டிவியைப் பார்த்து வந்தார்கள்? இங்கே கிடைத்தது, அங்கே கிடைக்கவில்லை. இன்றைக்கும் அதே கதைதான், இங்கே விலை குறைவு. பாட்டின்மேல் பழி போடுவது சுலபம், அது எழுந்து வந்து பதில் சொல்லாது.

வீரசோழன்

வந்தார்கள், யார் இல்லை என்றது? எப்படித் திரும்பினார்கள் என்று பாருங்கள். என் பெரியப்பா கொய்யா இலையை மென்றுகொண்டு, விளக்கு இல்லாத தெருவாகப் பார்த்துத் திரும்புவார். அவருடைய பேரன் காரைக்கால் எல்லையில் வாஞ்சூர் கடை வாசலில் நின்றே ஸ்டேட்டஸ் போடுகிறான், பின்னணியில் பாட்டு வேறு. குடி பழசுதான். ஊர் பார்க்கட்டும் என்று குடிப்பது எப்போது ஆரம்பித்தது என்பதுதான் என் கேள்வி.

ஓய்வு வாத்தியார் (திருவையாறு)

தம்பி கேட்டதற்கு ஒரு பழைய செய்தி சொல்கிறேன். 1968இல் ஒளி விளக்கு வந்தது, எம்.ஜி.ஆருக்கு நூறாவது படம். திரையில் குடிக்க மாட்டார் என்று பேரெடுத்தவர் அதில் குடிப்பார். உடனே அவருடைய மனசாட்சி நான்கு எம்.ஜி.ஆராக வந்து சுற்றி நின்று அவரைக் கேள்வி கேட்டுக் கிழித்துவிடும். மதுவிலக்கு இருந்த காலம் அது. ஒரு கதாநாயகன் குடிப்பதைக் காட்டினால் கூடவே நாலு பேர் வந்து கண்டிக்க வேண்டியிருந்தது. இப்போது திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் எச்சரிக்கை ஓடுகிறது. அதைப் படித்து முடித்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நியாயத்துக்கு இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள், சில வருஷத்திலேயே கடைகளை மறுபடி மூடினார்கள். அந்த இடைவெளியில் குடிக்கப் பழகியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்போது எங்கள் தெருவில் டிவியே கிடையாது. காரைக்கால்காரருக்கு இது பயன்படும்.

மன்னை மைக்செட்

படம் படம் என்றே பேசுகிறீர்கள். பாட்டு ஊருக்குள் வருவது எங்கள் வழியாக. அப்பா காலத்திலிருந்து மைக்செட் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் இசைத்தட்டும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் இருந்தன. மூங்கிலில் கட்டி வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று திருப்பிவிட்டால் நடவு வயல்வரைக்கும் கேட்கும். முதலில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு. அப்புறம் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. நாகூர்ப் பக்கம் போனால் ஹனிபா. எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு என்பது அப்பாவின் கணக்கு. திண்ணையிலிருந்து ஒரு பெரியவர் கையை ஆட்டினால் பாட்டு மாறிவிடும். கேசட் வந்த பிறகு கல்யாண வீட்டுக்காரர் ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக்கொண்டு போய் ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து, 90 நிமிஷக் கேசட்டில் பதிந்து வாங்கி வருவார். அப்போதும் பாட்டைத் தேர்வு செய்தது வீட்டுப் பெரியவர்தான்.

இப்போது என் பென்டிரைவில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா, சாவு, குத்து என்று தனித்தனி ஃபோல்டர் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணி ஆனால் ஒரு பையன் வந்து, "அண்ணே, இதைக் கழட்டுங்க" என்று சொல்லித் தன் போனை ப்ளூடூத்தில் இணைத்துவிடுவான். அதற்கப்புறம் எனக்கு வேலை, ஆம்ப்ளிஃபயர் சூடாகாமல் பார்த்துக்கொள்வது மட்டும். குழாயை யாரும் கேட்பதே இல்லை. நெஞ்சில் இடிக்கிற பேஸ் வேண்டுமாம். டாட்டா ஏஸில் பாக்ஸ் பாக்ஸாக அடுக்கிக் கட்டி, ஜெனரேட்டரையும் ஏற்ற வேண்டியிருக்கிறது. குழாயில் போட்ட பாட்டு ஊருக்கே பொது, அதனால் ஊரே அதற்குக் காவல். பாக்ஸ் அப்படியில்லை. முன்னால் நிற்கிற முப்பது பேர் வைத்ததுதான் சட்டம். அந்த முப்பது பேரும் ஆண்கள், ஏறக்குறைய ஒரே வயசு.

போன மழைக்காலத்தில் பைக் விபத்தில் போன ஒரு பையனின் சாவுக்குச் செட் போட்டேன். ஒப்பாரிப் பாட்டை எடுத்து வைத்திருந்தேன். கூட்டாளிகள் வந்து அவனுக்குப் பிடித்த குத்துப்பாட்டைப் போடச் சொன்னார்கள். அடித்துக்கொண்டிருந்த தப்பு மேளம் நின்றுவிட்டது. பாடை எடுக்கும்வரை பார் பாட்டுதான் ஓடியது. அழுதுகொண்டே ஆடினார்கள், ஒருவன் என் பாக்ஸ்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு ஆடினான். பெரியவர்கள் என்னைத் திட்டினார்கள். அந்தப் பையன்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. கல்யாணமோ சாவோ, அவர்களுக்குத் தெரிந்த பாட்டு அது ஒன்றுதான்.

அரசலாறு (கும்பகோணம்)

ஊர் பார்க்கக் குடிக்கிறார்கள் என்று இவ்வளவு வருத்தப்படுகிறீர்களே, ஊருக்குத் தெரியாமல் குடித்த காலத்தில் எங்கள் வீடுகளில் என்ன நிம்மதி இருந்தது? பெரியப்பா கொய்யா இலை மென்றுகொண்டு வந்தார், சரி. பெரியம்மாவிடம் கேட்டீர்களா?

பாட்டின்மேல் எனக்கும் கோபம் உண்டு, காரணம் வேறு. குடிப்பது நண்பர்களோடு, பழி மட்டும் ஒரு பெண்மேல். 2011 நவம்பரில் யூடியூபில் உலகத்தையே சுற்றி வந்ததே "கொலைவெறி" என்ற அந்தச் சூப் பாட்டு, அதற்குப் பிறகு இது ஒரு தனி வகையாகவே ஆகிவிட்டது. வீரசோழன் அண்ணன் பழைய படத்தில் சோகக் குடி, புதிய படத்தில் கொண்டாட்டக் குடி என்று பிரிக்கிறார். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டார்கள் அண்ணா. தோற்றவனைச் சுற்றிக் கூட்டமே ஆடுகிறது, வேண்டாம் என்று சொன்னவளுக்குக் கூட்டமே வசை பாடுகிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சைக்கிளில் எங்கள் பின்னாலேயே வந்து இந்த மாதிரிப் பாட்டுகளைப் பாடிய பையன்கள் யாரும் அப்போது குடித்திருக்கவில்லை, குடிக்க அவர்களிடம் காசும் கிடையாது. ஆனால் திரும்பிப் பார்க்காத பெண்ணைத் திட்டலாம் என்பதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் பாட்டிலையே எண்ணிக்கொண்டிருப்பதால் இது கண்ணில் படவில்லை.

அதே டிவி எங்களுக்கு ஒன்று கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாபநாசத்தில் என் சித்தி மகள் வரவேற்பில் மணப்பெண்ணே தோழிகளோடு மேடையில் ஆடினாள். டிவி நடன நிகழ்ச்சிகளைப் பார்த்து மொட்டை மாடியில் பழகிய ஆட்டம். "பொண்ணு ஆடுது பாரு" என்று முதல் வரிசையில் முணுமுணுப்பு. மாப்பிள்ளையின் அத்தை எழுந்தே போய்விட்டார். அந்த நேரத்தில் மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் பின்னாலுள்ள சந்தில் மாமன் மச்சான்கள் பேப்பர் கப்போடு நின்றார்கள். சாம்பாரில் உப்பு குறைவு என்று பேசிய அளவுக்குக்கூட அதைப் பற்றி யாரும் பேசவில்லை. டிஜே வேண்டாம் என்று தீர்மானம் போட்டால் முதலில் நிற்பது எந்த ஆட்டம் என்று நினைக்கிறீர்கள்? அந்தச் சந்து அப்படியேதான் இருக்கும்.

தென்னந்தோப்பு (பேராவூரணி)

1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை போடாமல் இருந்திருந்தால் இந்தக் கூத்தெல்லாம் வந்தே இருக்காது. மரம் என்னுடையது, மட்டை என்னுடையது, பாளையில் வடிவது மட்டும் குற்றமா?

மட்டுறுத்துநர்

கள் விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வேண்டாம், ஐயா.

தென்னந்தோப்பு

அங்கே எழுதினால் இங்கே போகச் சொல்கிறார்கள்.

வல்லம் 2கே

எங்களைப் பற்றி எங்களைத் தவிர எல்லோரும் பேசியாச்சு. நான் பொறியியல் கடைசி வருஷம். எங்கள் பார்ட்டி என்னவென்று கேளுங்கள். ராத்திரி பன்னிரண்டுக்குக் கேக், அதில் பாதி முகத்தில். சனிக்கிழமை தஞ்சாவூர் பைபாஸில் ஒரு தட்டு மந்திச் சோறு, நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் தீர்ந்துவிடும். அப்புறம் ஊர்த் திருவிழா ஆட்டம். அதற்கு முன்கூட்டியே ஸ்டெப் பழகுகிறோம், ரீல்ஸ் போட வேண்டுமே. குடித்துவிட்டு வந்தவனை ஃப்ரேமுக்கு வெளியே நிறுத்திவிடுவோம். அவனால் ஸ்டெப் மாறும், வீடியோ கெடும், அத்தை பார்த்தால் வீட்டில் ரகளை. பாக்ஸுக்கு முன்னால் யாருமே கண்டிப்பதில்லை என்று மைக்செட் அண்ணன் சொல்கிறார். போன் கேமரா கண்டிக்கிறது, அண்ணே.

நாங்கள் எல்லோரும் குடிக்கிறோம் என்பது நீங்கள் பாட்டைப் பார்த்து முடிவு செய்தது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 வயசுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பவர்கள் நாலில் ஒருவர், அவ்வளவுதான். மீதி மூன்று பேரை எந்தப் பாட்டிலும் காட்டுவதில்லை.

காரைக்கால்காரன்

பையன் சரியாகப் பிடித்தான். இருபது வருஷமாக டிவியும் போனும் இந்தப் பாட்டுகளைக் காதில் ஊற்றியும் நாலில் மூன்று பேர் குடிக்கவில்லை என்றால் பாட்டுக்கு என்ன சக்தி இருக்கிறது?

வீரசோழன்

அந்த நாலில் ஒருவர் எவ்வளவு கொடுக்கிறார் என்றும் பாருங்கள். டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 2003-04இல் 3,639 கோடி ரூபாய். 2023-24இல் 45,855 கோடி.

ஓய்வு வாத்தியார்

அதில் வரி ஏற்றமும் விலை ஏற்றமும் பெரிய பங்கு, தம்பி. அதை முழுக்க இளைஞர்கள் தலையில் கட்டாதே. பெரும்பாலும் அந்தப் பணம் கூலிக்காரன் பையிலிருந்து வருகிறது. நாற்றுப் பறித்துவிட்டு வருகிறவன் எந்த ரீல்ஸும் போடுவதில்லை, தினமும் இடுப்பு வலிக்கு ஒரு குவார்ட்டர். அவனைப் பற்றி இந்த இழையில் யாரும் ஒரு வரி எழுதவில்லை, எழுதவும் மாட்டார்கள்.

ஆனால் பாட்டுக்குச் சக்தி இல்லை என்று காரைக்கால்காரர் சொல்வதை ஒத்துக்கொள்ள முடியாது. 2015 அக்டோபர் 30 அன்று திருச்சியில் மக்கள் கலை இலக்கியக் கழகத்துப் பாடகர் கோவனைக் கைது செய்தார்களே, எதற்கு? டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடினார். பறை அடித்து, தெருவில் நின்று பாடுகிற பாட்டு. அதற்குத் தேசத் துரோகப் பிரிவு, 124ஏ. சக்தியே இல்லாத ஒன்றுக்கா இவ்வளவு பெரிய வழக்கு?

காரைக்கால்காரன்

ஐயா, அரசு பயந்தது பாட்டைக் கண்டு இல்லை. அந்த ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் கடையை மூடச் சொல்லிச் செல்போன் கோபுரத்தில் ஏறிய சசிபெருமாள் இறந்துபோனார். ஊர் ஊராகப் பெண்கள் கடையை முற்றுகையிட்டார்கள். அந்தக் கொதிப்பின்மேல் பாட்டு ஏறி உட்கார்ந்தது. 2016இல் 500 கடைகளை மூடியதும் அந்தக் கொதிப்புக்குப் பதிலாகத்தான். குடிப் பாட்டும் அதே மாதிரி. தெருவுக்குத் தெரு கடை வந்த பிறகுதான் கடைக்குள் ஆடுகிற பாட்டு வந்தது. கடையை எடுத்துப் பாருங்கள், பாட்டு எங்கே போய் நிற்கும்?

அரசலாறு

கோவன் விஷயத்தில் வாத்தியார் ஐயா பக்கம் நான். முற்றுகைக்கு வந்த பெண்களுக்கு அந்தப் பாட்டு வாயில் ஏறியிருந்தது. கோஷம் போடத் தெரியாதவர்கள்கூடப் பாடினார்கள். எந்தப் பாட்டை எந்தப் பாக்ஸில் போடுகிறார்கள், யார் காசு கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். அந்தப் பாட்டுக்கு மைக்செட் வாடகை கொடுக்க எந்த ஊர் விழாக்குழு தயார்?

வீரசோழன்

சரி, தீமிதிக்கு வருவோம். குழு சொல்வதில் என்ன தப்பு என்று யாராவது நேராகச் சொல்லுங்கள்.

ஓய்வு வாத்தியார்

எங்கள் பக்கம் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு ஐகோர்ட்டு மதுரைக் கிளைவரை போய் அனுமதி வாங்குகிறார்கள். ஆபாச ஆட்டம் கூடாது, சாதி, கட்சிப் பாட்டுக் கூடாது, போதையில் யாரும் இருக்கக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை போட்டுத்தான் கோர்ட்டு அனுமதி தருகிறது. அந்தத் தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வதோடு சரி. அடியோடு நிறுத்துவதைவிட அதில் இருப்பதை உங்கள் குழுவே முன்னால் நின்று நடத்தலாமே.

வல்லம் 2கே

நான் நேராகச் சொல்கிறேன். ராத்திரி பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் வருஷத்து விதி. டிஜேவுக்கு அதைக் காட்டுகிறீர்கள். விடிய விடிய நடக்கிற நாடகம் ஆரம்பிப்பதே பத்துக்குத்தானே? அதற்கு மட்டும் யார் கண்ணை மூடிக்கொள்வது?

இன்னொன்று. அது என் மாமா ஊர். போன வருஷம் நானும் அங்கே இருந்தேன், வீடியோவும் இருக்கிறது. குழி ஓரத்தில் சாய்ந்தவருக்கு ஐம்பது வயசு இருக்கும். காலரைப் பிடித்து இழுத்தவன் எங்கள் செட்டுப் பையன்.

வீரசோழன்

வயசு எதுவானால் என்ன? ஆட வைத்தது டிஜே பாட்டுதானே.

வல்லம் 2கே

அது எண்பதுகளில் வந்த பாட்டு, அண்ணே. டிஜேகிட்ட அதைப் போடச் சொல்லி நூறு ரூபாய் நீட்டியவர் விழாக்குழுவில் இருக்கிறார். முகமும் வீடியோவில் தெரிகிறது. போடட்டுமா?

மட்டுறுத்துநர்

தனிநபர் வீடியோ இங்கே வேண்டாம்.

அரசலாறு

வீடியோ வேண்டாம். எனக்கு ஒரே ஒரு தகவல் போதும். குழுவில் பெண்கள் எத்தனை பேர்?

வீரசோழன்

இல்லை. பால்குடம், விளக்குப் பூஜை எல்லாம் அவர்கள்தான் பார்க்கிறார்கள்.

அரசலாறு

வேலைக்கு அவர்கள், தீர்மானத்துக்கு நீங்கள். நல்ல ஏற்பாடு.

வீரசோழன்

வெள்ளிக்கிழமை மறுபடி கூட்டம். நாடக நேரத்தைப் பேசுகிறேன். டிஜே விஷயத்தில் என் நிலை அதேதான். பாட்டுப் பட்டியலைப் பையன்கள் முன்கூட்டியே கொடுத்தால் பார்க்கலாம் என்று வேண்டுமானால் சொல்லிப் பார்க்கிறேன்.

வல்லம் 2கே

கொடுக்கிறோம். வரியும் கொடுக்கிறோம். நிதானம் இல்லாதவனைக் கரகத்துக்கு முன்னால் விடக் கூடாது என்ற விதி குழுவுக்கும் சேர்த்து என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

காரைக்கால்காரன்

அந்தக் கையெழுத்து வாங்கிய அன்றைக்கு எனக்கும் சொல்லுங்கள், நானே வந்து தீமிதிக்கிறேன்.

மன்னை மைக்செட்

எது முடிவானாலும் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். மாயவரத்தில் என் மச்சான் செட் வைத்திருக்கிறார். சித்திரையில் முகூர்த்தமும் திருவிழாவும் சேர்ந்து வருவதால் பாக்ஸ் கிடைக்காது. குழாய் மட்டும் போதும் என்றால் வாடகையில் பாதிகூட ஆகாது. போன வருஷ பாக்கி ஏதும் இருந்தால் அதை முதலில் தீர்த்துவிடச் சொல்லுங்கள், மச்சான் அதில் கொஞ்சம் கறார்.